அநுமதி என்னும் சொல்லுக்குப் பின்னால்



"நாளைக்கு எனக்கு லீவு" என்று நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளை தொடக்கம் கந்தோர் உத்தியோகத்தர் வரை எல்லோருடைய வாயிலும் இனிக்கிற சொல் அது. லீவு என்றால் என்ன என்று கேட்டால், விடுமுறை என்று உடனே பதில் வரும். ஆனால், அந்த ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் விடுமுறை அல்ல, அநுமதி என்பதே. வேலைக்கு வராதிருக்க மேலதிகாரி வழங்கும் அநுமதிதான் 'லீவ்'. காலப்போக்கில் அநுமதி மறைந்துபோக, அதனால் கிடைத்த ஓய்வு மாத்திரம் சொல்லில் எஞ்சி நின்றுவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியோடு இத்தகைய சொற்கள் பல நம்மிடம் வந்து தங்கிவிட்டன. லைசென்ஸ், பெர்மிட், அலவன்ஸ், கிராண்ட், சாங்ஷன் என்று ஒரு வரிசையே உண்டு. ஒருவர் கேட்க இன்னொருவர் கொடுப்பது என்ற உறவு இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அநுமதித்தல், ஒப்புதல் அளித்தல் என்ற பொருளைத் தருகின்ற சொற்களைத் திரட்டினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள்? மொழியின் செல்வம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால், அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு வகையான அதிகாரத்தோடு அந்த மொழிக்குள் நுழைந்தவை. யார் கேட்டார், யார் கொடுத்தார், ஏன் கேட்க நேர்ந்தது என்ற வரலாறு அவற்றுள் உறைந்து கிடக்கிறது. அந்த வரலாற்றில் எழுத்தாளனுக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு. அதைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விரும்புகிறேன்.

முதலில் 'லீவ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது ஆங்கிலோ சக்சன் மக்கள் பேசிய பழைய ஆங்கிலச் சொல். அன்பு என்று பொருள்படும் 'லவ்', நம்பிக்கை என்று பொருள்படும் 'பிலீஃப்' ஆகிய சொற்களுக்கும் இதற்கும் வேர் ஒன்றே என்பது மொழியியலாளர் முடிவு. அன்பு, நம்பிக்கை, அநுமதி ஆகிய மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! நமக்கு விருப்பமானவரை, நாம் நம்புகிறவரை, அவர் விரும்பியபடி செய்ய விடுகிறோம். அதுவே அந்தப் பழைய மக்களுக்கு அநுமதியாக இருந்தது போலும். ஜேர்மன் மொழியிலும் இதே வேரிலிருந்து பிறந்த 'உர்லாவ்ப்' என்ற சொல் முற்காலத்தில் அநுமதியைக் குறித்து, இன்று விடுமுறையைக் குறிக்கிறது. டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'ஃபர்லோ' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. படைவீரனுக்குத் தரும் விடுமுறையைக் குறித்த அந்தச் சொல், 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் பிரித்தானியாவில் வேலையின்றி வீட்டில் இருத்தப்பட்ட இலட்சக்கணக்கான தொழிலாளரால் மறுபடி நாள்தோறும் உச்சரிக்கப்பட்டது.

ஒருவரிடமிருந்து பிரிந்து செல்வதையும் ஆங்கிலேயர் 'லீவ்' எடுத்துக்கொள்ளுதல் என்பார்கள். புறப்படுவதற்கு அநுமதி பெறுதல் என்பதே அதன் பொருள். இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். விருந்து வைத்தவரிடம் சொல்லாமல் நழுவிவிடுவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு லீவ்' என்று சொல்ல, பிரெஞ்சுக்காரரோ அதே செயலை 'ஆங்கிலேயர் பாணியில் நழுவுதல்' என்று சொல்கிறார்கள்.

'லெட்' என்பதும் பழைய ஆங்கிலச் சொல்லே. 'விடு' என்ற நம் சொல்லுக்கு அது மிக நெருங்கியது. போக விடு, பேச விடு என்று நாம் சொல்லும் இடங்களில் எல்லாம் ஆங்கிலேயர் இதைப் பயன்படுத்துவர். ஆனால் அதே ஒலியுடைய இன்னொரு 'லெட்'டும் உண்டு. அதன் பொருள் தடுத்தல்! பழைய ஆங்கிலத்தில் இவை சற்றே வேறுபட்ட இரு வினைச்சொற்கள். நாளடைவில் ஒலி ஒன்றாகிவிட்டது. ஆவியின் பின்னே போக முனையும் ஹம்லெட்டை நண்பர்கள் பிடித்து நிறுத்தும்போது, தன்னைத் தடுப்பவனை அவன் எச்சரிப்பது இந்தச் சொல்லைக் கொண்டுதான். இக்காலத்து வாசகர் அதை அநுமதி என்று படித்துக் குழம்புவதுண்டு. டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையில் பட்டுத் தடைப்பட்டு விழுந்தால் 'லெட்' என்பார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டில், அதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு கேட்கும் வாசகத்திலும் இந்தத் தடைச்சொல் இருக்கிறது. அநுமதியும் தடையும் ஒரே ஒலியில் குடியிருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி அதைச் சந்திக்கப் போகிறோம்.

1066ஆம் ஆண்டு நோர்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஏறி அமர்ந்தது. வயலில் உழுதவன் ஆங்கிலம் பேசினான். நிலத்தை ஆண்டவன் பிரெஞ்சு பேசினான். அநுமதி கேட்பவன் ஒரு மொழியும் கொடுப்பவன் இன்னொரு மொழியுமாக இருந்த காலம் அது. 1362ஆம் ஆண்டில் நீதிமன்றங்களில் ஆங்கிலத்திலேயே வழக்காடலாம் என்று ஒரு சட்டம் பிறந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது என்பதிலிருந்து நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இன்றைக்கும் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றும் மசோதாவுக்கு அரச ஒப்புதல் அறிவிக்கப்படுவது, 'மன்னர் அதை விரும்புகிறார்' என்ற பொருள்தரும் பழைய பிரெஞ்சு வாசகத்தில்தான். மறுப்பதற்கும் ஒரு வாசகம் உண்டு. 'மன்னர் இதுபற்றி ஆலோசிப்பார்' என்பது அது. முகத்தில் அடித்தாற்போல மறுக்காமல் நாசூக்காகக் கைவிரிக்கும் கலை! இறுதியாக 1708ஆம் ஆண்டில் ஆன் அரசி ஸ்கொட்லாந்துப் படை தொடர்பான ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். அதன் பின்னர் எந்த மன்னரும் மறுக்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் அலவ், கிராண்ட், லைசென்ஸ் முதலிய சொற்கள் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தன. 'அலவ்' என்ற சொல்லில் இரண்டு இலத்தீன் சொற்கள் வந்து கலந்திருக்கின்றன. ஒன்று புகழ்தல் என்ற பொருளுடையது. மற்றையது பங்கிட்டு ஒதுக்குதல் என்ற பொருளுடையது. நாம் வாங்கும் அலவன்ஸ் இரண்டாவதன் வாரிசு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் 'அலவ்' என்பது மெச்சி ஏற்றுக்கொள்ளுதல் என்ற பழைய பொருளிலேயே வருகிறது. முதலில் பாராட்டாக இருந்தது, பின்னர் சரி போகட்டும் என்று விட்டுவிடுவதாகத் தேய்ந்தது. 'கிராண்ட்' என்ற சொல்லுக்கு வேர், நம்புதல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. ஆக, வெவ்வேறு மொழிகளில் பிறந்திருந்தும் 'லீவ்' போலவே 'கிராண்ட்' என்பதும் நம்பிக்கையிலிருந்தே முளைத்திருக்கிறது. ஒப்புதலைக் குறிக்கும் 'கொன்சென்ட்' என்பதோ சேர்ந்து உணர்தல் என்ற பொருளுடையது.

இந்தப் பூர்வீகங்களைப் பார்த்தால் அநுமதி என்பது எத்தனை அழகிய மனித உறவு என்று தோன்றும். அன்பு, நம்பிக்கை, பாராட்டு, ஒத்த உணர்வு. ஆனால் 'லைசென்ஸ்' வந்ததும் காட்சி மாறுகிறது.

'லைசென்ஸ்' என்பதன் இலத்தீன் வேருக்கு, செய்யத் தகும், செய்யலாம் என்று பொருள். ஓய்வு நேரத்தைக் குறிக்கும் 'லெஷர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. ஆகலாம் என்று விடப்பட்ட நேரமே ஓய்வு. இங்கும் அநுமதியும் விடுமுறையும் கைகோத்துக்கொள்வதைக் காணலாம். ஆனால், இங்கிலாந்து மன்னர்களின் கையில் லைசென்ஸ் ஒரு பத்திரமாயிற்று. தன் வீட்டுச் சுவரின்மேல் கோட்டைக் கொத்தளம் கட்டுவதற்குக்கூடப் பிரபுக்கள் மன்னரிடம் லைசென்ஸ் வாங்கினார்கள். சசெக்ஸ் மாவட்டத்தில் இன்றும் அகழி நீரில் நிழல் விழ நிற்கும் போடியம் கோட்டை, 1385இல் அப்படி அநுமதி பெற்றுக் கட்டப்பட்டதாகும். பிரபுவின் நிலை இதுவென்றால் ஏழையின் நிலை என்ன? எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1531ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதியோரும் ஊனமுற்றோரும் பிச்சை எடுப்பதற்கும் நீதவானிடம் லைசென்ஸ் பெறவேண்டியிருந்தது. கை ஏந்துவதற்கே முதலில் இன்னொருவரிடம் கை ஏந்தவேண்டும்!

பிச்சைக்காரரோடு நாடகக்காரரையும் சேர்த்துப் பார்த்தது அந்தக் காலம். 1572ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாத நடிகர்களை நாடோடிகள், ஊர்சுற்றிகள் என்ற வகையில் அடக்கியது. பிடிபட்டால் தண்டனை உண்டு. அதனால்தான் ஷேக்ஸ்பியரும் அவர் தோழர்களும் ஒரு பிரபுவின் பணியாளர் என்ற பெயரில் நடித்துவந்தார்கள். 1603இல் முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்ததும் அந்தக் குழுவைத் தன் குழுவாக ஏற்று ஒரு பத்திரம் வழங்கினான். வில்லியம் ஷேக்ஸ்பியர் உட்படப் பெயர் குறிப்பிட்ட பணியாளர்களுக்கு நாடகக் கலையைப் பயில லைசென்ஸும் அதிகாரமும் அளிப்பதாக அந்தப் பத்திரம் கூறுகிறது. ஆங்கில இலக்கியத்தின் சிகரம் என்று உலகம் போற்றுகிறவர், லைசென்ஸ் பெற்ற ஒரு பணியாளராகவே அரச ஏட்டில் இருக்கிறார்.

நடிகனுக்கு லைசென்ஸ் கிடைத்தால் போதாது. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனி அநுமதி வேண்டும். எலிசபெத் அரசியின் காலத்தில் அரசவைக் கேளிக்கைகளின் அதிகாரியாக எட்மண்ட் டில்னி என்பவர் 1579இல் நியமனம் பெற்றார். 1581 முதல் நாடகப் பிரதிகளை வாசித்து இசைவு தருவதும் மறுப்பதும் அவர் கையில் இருந்தது. 'சேர் தோமஸ் மோர்' என்றொரு நாடகத்தின் கையெழுத்துப் பிரதி லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. பலர் சேர்ந்து எழுதிய அந்த நாடகம், 1517ஆம் ஆண்டு மே தினத்தில் லண்டன் நகரத்தார் அந்நிய தேசத்துக் குடியேறிகள்மீது நடத்திய கலவரத்தைக் காட்டுகிறது. டில்னி பிரதியை வாசித்துவிட்டு ஓரத்தில் குறிப்பு எழுதினார். கலவரத்தையும் அதற்கான காரணத்தையும் முழுவதுமாக நீக்கிவிட வேண்டும், மீறினால் வரும் ஆபத்துக்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம்.

நேயர்களே, அந்தப் பிரதியில் ஒரு பகுதி உண்டு. கலகக்காரர் முன் மோர் நின்று, இந்த அந்நியர்களை நாடுகடத்தினால் நாளை நீங்கள் வேறு நாட்டில் அந்நியராய் நிற்க நேரும்போது உங்களை யார் ஏற்பார் என்று கேட்கும் உரை அது. அந்தப் பக்கங்களை எழுதிய கை ஷேக்ஸ்பியருடையது என்பது அறிஞர் பலரின் முடிவு. அவ்வாறாயின், அந்த மகாகவி தம் கையாலேயே எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் நாடகப் பகுதி அது ஒன்றே. அநுமதி மறுக்கப்பட்ட ஒரு பிரதிக்குள் அது கிடக்கிறது. அதிகாரி அஞ்சியது கலவரக் காட்சிக்கு. ஆனால் அந்தக் காட்சியில்தான் கலவரத்தைத் தணிக்கும் குரலும் இருந்தது. நெருப்பை வெட்டுகிறேன் என்று புறப்பட்டால் நீரையும் சேர்த்து வெட்ட நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அச்சு யந்திரம் பெருகியபோது நூல்களுக்கும் இதே விதி வந்தது. 'அச்சிடப்படலாம்' என்று பொருள்தரும் இலத்தீன் சொல் 'இம்ப்ரிமாட்டூர்'. கத்தோலிக்கத் திருச்சபையில் நூலொன்றை முதலில் வாசிப்பவர் 'தடையேதும் இல்லை' என்று எழுத, ஆயர் 'அச்சிடப்படலாம்' என்று எழுதுவது வழக்கம். இங்கிலாந்து திருச்சபையிலிருந்து பிரிந்த பின்பும் இந்த வழக்கத்தை மாத்திரம் விடவில்லை. 1586ஆம் ஆண்டு ஆணைப்படி கன்ரபரி பேராயரோ லண்டன் ஆயரோ பார்த்து இசைவு தராத நூலை அச்சிட முடியாது. 1641இல் இந்த ஆணைகளைப் பிறப்பித்துவந்த விசேட நீதிமன்றமே ஒழிக்கப்பட்டது. இனிச் சுதந்திரம்தான் என்று எழுத்தாளர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மன்னனோடு போர் தொடுத்த பாராளுமன்றமே 1643 ஜூனில் லைசென்ஸ் முறையை மறுபடி கொண்டுவந்தது. ஆட்சி கை மாறினாலும் முத்திரை கை மாறாத கதை இது.

இவ்விடத்தில்தான் ஜோன் மில்டன் எழுந்தார். மணமுறிவுபற்றி அவர் லைசென்ஸ் இன்றி வெளியிட்ட நூல் பெரும் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தது. 1644 நவம்பரில் 'அரியோபஜிற்றிக்கா' என்ற சிறு நூலை வெளியிட்டார். பாராளுமன்றத்தை நோக்கிய உரையாக அமைந்த அந்த நூலும் லைசென்ஸ் இல்லாமலே வெளிவந்தது. கருத்தைச் சொல்லவும் செய்தார், செய்துகாட்டவும் செய்தார். இத்தாலிய நூல்களின் முதற் பக்கத்தில் நாலைந்து துறவிகளின் இசைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதை அவர் கேலி செய்கிறார். மொட்டைத் தலைகள் ஒன்றையொன்று வணங்கி உபசாரம் சொல்லிக்கொள்வதுபோல் இருக்கிறதாம். இத்தாலியில் பயணம் செய்தபோது, சமய விசாரணையால் சிறைவைக்கப்பட்டு முதுமையடைந்திருந்த கலிலியோவைச் சந்தித்ததையும் அந்த நூலில் நினைவுகூர்கிறார்.

மில்டனின் வாதத்தில் எழுத்தாளர்கள் மறக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு. ஒரு நூலுக்காகத் தன் வாழ்நாளைச் செலவிட்டவன், தன்னைவிடக் குறைவாகக் கற்ற ஒருவர் முன், உபாத்தியாயரிடம் கொப்பியைக் காட்டும் மாணவன்போல நிற்க வேண்டியிருப்பது, எழுத்தாளனுக்கும் நூலுக்கும் கல்விக்குமே இழிவு என்கிறார். அதுமட்டுமன்று. மேற்பார்வையில் எழுதப்பட்டது என்று தெரிந்ததும் வாசகனும் அந்த நூலை நம்பமாட்டான் என்கிறார். இங்கே நாம் ஒரு சொல்லைக் கவனிக்கலாம். எழுத்தாளனைக் குறிக்கும் 'ஓதர்' என்ற சொல்லும், அதிகாரத்தைக் குறிக்கும் 'ஓதோரிட்டி', அதிகாரம் அளித்தலைக் குறிக்கும் 'ஓதரைஸ்' என்ற சொற்களும் ஒரே இலத்தீன் மூலத்திலிருந்து வந்தவை. தோற்றுவிப்பவன், வளர்ப்பவன் என்பது அதன் பொருள். சொல்லின்படி பார்த்தால் எழுதியவனே அதிகாரி. வரலாற்றின்படியோ அவன் அதிகாரியின் வாசலில் காத்து நிற்பவன். மில்டனின் கோபம் இந்தத் தலைகீழைப் பற்றியதே எனலாம்.

மில்டனைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. கத்தோலிக்கரின் நூல்களுக்கு அவர் அந்தச் சுதந்திரத்தை வழங்க முன்வரவில்லை. நூல் வெளிவந்த பின் தீங்கானதென்று கண்டால் தண்டிப்பதையும் அவர் எதிர்க்கவில்லை. அவர் எதிர்த்தது முன்கூட்டியே வாங்கும் அநுமதியை. இன்னும் வேடிக்கை என்னவென்றால், 1651இல், குடியரசு ஆட்சியின் உத்தியோகத்தராக இருந்தபோது, ஒரு செய்திப் பத்திரிகைக்கு இசைவு வழங்கும் வேலையை அவரே பார்த்திருக்கிறார்!

காலம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. முடியாட்சி மீண்டது. 1662இல் புதிய லைசென்ஸ் சட்டம் வந்தது. கண் பார்வை இழந்து, தோற்ற கட்சியின் மனிதராக இருந்த மில்டன், 'இழந்த சுவர்க்கம்' என்ற பெருங்காவியத்தை வாயால் சொல்லி எழுதுவித்து முடித்தார். அதை அச்சிடவும் இம்ப்ரிமாட்டூர் வேண்டியிருந்தது. கன்ரபரி பேராயரின் துணைக்குருவான தோமஸ் டொம்கின்ஸ் என்ற இளைஞர் பிரதியைப் பார்வையிட்டார். சூரிய கிரகணம் மன்னர்களை மாற்றங்கள்பற்றிய அச்சத்தால் கலங்கவைக்கிறது என்று வரும் ஓர் உவமையில் அவர் இராசத்துரோகத்தை மோப்பம் பிடித்ததாக, மில்டனின் வாழ்க்கையை எழுதிய ஜோன் டோலண்ட் குறிப்பிடுகிறார். ஈற்றில் அநுமதி கிடைத்தது. 1667இல் காவியம் வெளிவந்தது. ஒப்பந்தத்தின்படி மில்டன் முதலில் பெற்ற தொகை 5 பவுண். முதற் காண்டத்தின் கையெழுத்துப் பிரதி இன்று நியூயோர்க்கிலுள்ள மோர்கன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் டொம்கின்ஸின் இம்ப்ரிமாட்டூரும் இருக்கிறது. அநுமதிக்கு எதிராக எழுதியவரின் காவியம் அநுமதியைச் சுமந்தபடி கிடக்கிறது.

விஞ்ஞானமும் விலக்குப் பெறவில்லை. நியூட்டனின் 'பிரின்சிப்பியா' 1687இல் வெளிவந்தபோது அதன் முதற் பக்கத்தில், 1686 ஜூலை 5ஆம் திகதியிட்ட இம்ப்ரிமாட்டூர் இருந்தது. வழங்கியவர் அப்போது ரோயல் சங்கத்தின் தலைவராக இருந்த சாமுவேல் பெப்பிஸ். புகழ்பெற்ற நாட்குறிப்பை எழுதினாரே, அவர்தான். கடற்படை நிருவாகத்தில் வல்லவரான பெப்பிஸுக்கு அந்த நூலின் கணிதம் எவ்வளவு தூரம் விளங்கியிருக்கும் என்பது வேறு விடயம். அநுமதி வழங்குவதற்கு விளங்கவேண்டும் என்ற நியதி எக்காலத்திலும் இருந்ததில்லை.

1695ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் காலாவதியானபோது பாராளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. தத்துவஞானி ஜோன் லொக் அதற்கு எதிராகக் கருத்துரைத்திருந்தார். ஆனால் பொதுச்சபை முன்வைத்த காரணங்களைப் பார்த்தால், மில்டனின் உயர்ந்த வாதங்களுக்கு அங்கே அதிக இடம் இல்லை. புத்தக வியாபாரத்தில் சிலருக்கே ஏகபோகம், சுங்கத்தில் நூல்கள் முடங்குதல், வீடுகளைச் சோதனையிடும் தொல்லை என்று நடைமுறை முறைப்பாடுகளே மிகுதி. பெரிய கதவொன்று சிறிய சாவியால் திறந்தது. 1702இல் ஆங்கிலத்தின் முதல் நாளிதழ் லண்டனில் வெளிவரத் தொடங்கியது. துன்பம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1703இல் டானியல் டெஃபோ தாம் எழுதிய ஓர் அங்கதப் பிரசுரத்துக்காகத் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். ஆயினும் எழுதுமுன் கேட்கவேண்டும் என்ற விதி நூலுக்கு இல்லாமற் போயிற்று.

நாடகத்துக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. பிரதமர் வோல்போலின் அரசாங்கத்தை மேடையில் நையாண்டி செய்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ஃபீல்டிங். 1737இல் நாடக லைசென்ஸ் சட்டம் வந்தது. புதிய நாடகம் ஒவ்வொன்றும் அரண்மனை அதிகாரியான சேம்பர்லின் பிரபுவின் பார்வைக்குச் செல்லவேண்டும். ஃபீல்டிங் மேடையைக் கைவிட்டு நாவலுக்குத் திரும்பினார். 1749இல் 'டொம் ஜோன்ஸ்' பிறந்தது. நாவலுக்கு அந்தச் சட்டத்தால் நன்மை விளைந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் மேடை இழந்ததை யார் கணக்கிடுவது? பெர்னாட் ஷா 1893இல் எழுதிய 'திருமதி வொரனின் தொழில்', லண்டனில் பகிரங்கமாக மேடையேற 1925 வரை காத்திருந்தது. அவருடைய 'பிளாங்கோ பொஸ்னெற்' நாடகம் 1909இல் லண்டனில் அநுமதி மறுக்கப்பட்டு, டப்ளின் அபே அரங்கில் மேடையேறியது. அந்தப் பிரபுவின் அதிகாரம் அயர்லாந்தில் செல்லுபடியாகவில்லை. கடலுக்கு அப்பால் ஒழுக்கத்தின் வரைவிலக்கணம் மாறிவிட்டது! 1968 செப்ரெம்பரில்தான் அந்த முறை ஒழிந்தது. இதற்கிடையில், ஆங்கிலேயர் இலங்கையிலும் 1912இல் பொது அரங்கக் காட்சிகளுக்கு ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியிருந்தனர். அவர்கள் போன பின்னரும் அது இங்கே நிலைத்தது. சொற்களை மாத்திரமல்ல, அவற்றின் கோப்புகளையும் நாம் சுவீகரித்துக்கொண்டோம்.

அநுமதியும் தடையும் ஒரே ஒலியில் குடியிருப்பதை முன்னர் சொன்னேன். 'சாங்ஷன்' என்ற சொல்லில் அவை இரண்டும் ஒரே சொல்லாகவே இருக்கின்றன. புனிதமாக்குதல் என்ற இலத்தீன் வேரிலிருந்து பிறந்த அது, சட்டத்தை உறுதிசெய்வதையும் அதை மீறினால் வரும் தண்டனையையும் குறித்தது. கந்தோரில் ஒரு செலவுக்கு 'சாங்ஷன்' கிடைத்தால் மகிழ்ச்சி. 1935இல் அபிசீனியாமீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராகச் சர்வதேச சங்கம் விதித்த பொருளாதாரத் தடைகளும் 'சாங்ஷன்' தான். அவசரத்தில் மொழிபெயர்க்கும் பத்திரிகையாளருக்கு இது ஒரு கண்ணி. ஆனால் சொல் பொய் சொல்லவில்லை. விட வல்ல கைதான் தடுக்கவும் வல்லது.

இந்த நீண்ட வரிசையின் கடைக்குட்டி 'ஓகே'. 1839 மார்ச் 23ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பத்திரிகையொன்றில், 'எல்லாம் சரி' என்ற ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுத்துக்கூட்டி, அதன் முதலெழுத்துகளைச் சுருக்கிப் போட்ட பகிடியாக அது தோன்றியது. மன்னரும் ஆயரும் இலத்தீனில் முழங்கிய அநுமதியை இன்று உலகம் முழுவதும் அந்தப் பகிடியால் சொல்லிவிடுகிறோம்.

நம் தமிழிலும் இதற்கு ஒரு சிறப்பு இருக்கிறது. விடை என்றால் பதில். விடை என்றால் அநுமதியும்கூட. உத்தரவு என்ற சொல்லும் பதிலில் பிறந்து, அநுமதியையும் கட்டளையையும் குறிக்கலாயிற்று. பதில் சொல்பவன் இருந்தால் கேட்பவன் அவனுக்கு முன்னரே பேசியிருக்க வேண்டும். விருந்தாளி "வரட்டுமா?" என்பதும் வீட்டார் "போய் வாருங்கோ" என்பதும் அத்தகையது. அங்கே யாரும் யாருக்கும் கீழே இல்லை. கேட்பது பண்பு, கொடுப்பது அன்பு. 'லீவ்' என்ற சொல் பிறந்த இடமும் அதுவே. எழுதியதைக் காட்டிவிட்டு முத்திரைக்காகக் காத்திருப்பது வேறு. முன்னதில் இருவர் பேசிக்கொள்கிறார்கள். பின்னதில் ஒருவர் பேசுவதற்கே இன்னொருவரின் இசைவு வேண்டியிருக்கிறது. ஒரே அகராதிப் பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் சொற்களுக்கு இடையிலுள்ள இந்தத் தூரத்தைத்தான் மில்டன் அளந்து காட்டினார்.

எனக்குக் குறித்த நேரம் முடிகிறது. இத்தனை நேரம் செவிகொடுத்த உங்களிடம், அந்தப் பழைய அன்பின் பொருளிலேயே, விடைபெறுகிறேன். வணக்கம்.